சூப்பர்மேனுக்குப் பின்கழுத்து யார் எடுக்கிறது?

(ஞாயிற்றுக்கிழமை காலை, முருகேசன் சலூன். நாற்காலியில் பாஸ்கர், ஐம்பதை நெருங்கும் காமிக்ஸ் பைத்தியம். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியாகிவிட்டது, இனி ஓட முடியாது. பெஞ்சில் இரண்டு பேர் பேப்பரைப் பிடித்திருக்கிறார்கள், படிக்கவில்லை.)

முருகேசன்: எப்பவும் போல மீடியமா தம்பி?

பாஸ்கர்: மீடியம்தாண்ணே. நெத்தியில மட்டும் ஒரு சுருள் வந்து விழுற மாதிரி விடுங்க.

முருகேசன்: சுருள் விழணும்னா முதல்ல அங்க முடி இருக்கணும். என்ன திடீர்னு?

பாஸ்கர்: சூப்பர்மேன் படம் பார்த்தேண்ணே. 2025ல வந்துச்சே, ஜேம்ஸ் கன் எடுத்தது. நேத்து ராத்திரி மறுபடியும் பார்த்தேன்.

முருகேசன்: யாரு, அந்த பேண்ட்டுக்கு மேல...

பாஸ்கர்: அண்ணே, வேணாம். 1938ல அவர் பொறந்ததுல இருந்து ஊரே அந்த ஜோக்கை அடிச்சு முடிச்சாச்சு.

முருகேசன்: நான் பெல்ட்டைச் சொல்ல வந்தேன்.

பாஸ்கர்: பொய். சரி, நீங்க கேட்டதுனால சொல்றேன்.

முருகேசன்: நான் கேக்கல.

பாஸ்கர்: 2011ல காமிக்ஸ்லயே அந்தச் சிவப்பு டிரவுசரைத் தூக்கிட்டாங்க. 2013ல வந்த படத்துலயும் கிடையாது. 2018ல காமிக்ஸ்ல திரும்ப வந்துச்சு. இந்தப் படத்துலயும் வந்திருக்கு. டைரக்டருக்கே முதல்ல மனசில்லையாம். ஹீரோ டேவிட் கோரன்ஸ்வெட்தான் சொல்லியிருக்கார்: 'நான் வேற கிரகத்து ஆளு, கண்ணுல நெருப்பு விடுவேன். குழந்தைங்க என்னைப் பார்த்துப் பயப்படக் கூடாதுன்னா இதைப் போட்டாத்தான் ஆகும்'னு.

முருகேசன்: அது நியாயம். டிரவுசர் வெளிய தெரியிற ஆளைப் பார்த்து எந்தப் புள்ள பயப்படும்? தலையைக் குனிங்க. அந்தச் சுருள் இருந்துச்சா?

பாஸ்கர்: இருந்துச்சே!

முருகேசன்: அப்ப படம் சரியாத்தான் எடுத்திருக்கான்.

பாஸ்கர்: அண்ணே, ஒரு படத்தை முடியை வச்சா எடை போடுவாங்க?

முருகேசன்: நீங்க டிரவுசரை வச்சு எடை போடலாம், நான் முடியை வச்சுப் போடக் கூடாதா?

(பெஞ்சில் ஒரு பேப்பர் குலுங்குகிறது.)

பாஸ்கர்: எனக்குப் பிடிச்சது வேறண்ணே. படம் ஆரம்பிக்கும்போதே ஆள் தோத்துப்போய் வந்து பனியில விழுறார். எலும்பு உடைஞ்சு கிடக்கார். கஷ்டப்பட்டு ஒரு விசில் அடிக்கிறார். தூரத்துல இருந்து அவரோட நாய் பறந்து வருது. காப்பாத்த வருதுன்னு பார்த்தா, அடிபட்ட மனுஷன் மேல ஏறிக் குதிச்சு விளையாடுது!

முருகேசன்: நாய் பறக்குதா?

பாஸ்கர்: கிரிப்டோ. 1955லயே காமிக்ஸ்ல வந்துடுச்சு. சிவப்புத் துண்டு கட்டிக்கிட்டுப் பறக்கும். இத்தனை வருஷமா, கார்ட்டூனை விட்டா, ஆளுங்க நடிச்ச பெரிய படத்துல நாயைக் காட்டவே வெக்கப்பட்டாங்க. இவர் தைரியமா காட்டியிருக்கார். டைரக்டர் ஒரு நாயை எடுத்து வளர்த்தாராம், அது வீட்டையே நாசம் பண்ணி லேப்டாப்பையும் கடிச்சுத் தின்னுடுச்சாம். 'இதுக்கு சூப்பர் பவர் வேற இருந்தா என் கதி என்ன ஆகும்'னு யோசிச்சு எழுதினதுதான் இது.

முருகேசன்: லேப்டாப்ப நாய் தின்னுடுச்சு சார்னு சொல்லி தப்பிக்காம, அதையே படமா எடுத்திருக்கான். பொழைக்கத் தெரிஞ்சவன்.

பாஸ்கர்: அப்புறம் அந்த அணில். ஊருக்குள்ள ராட்சச மிருகம் புகுந்து கட்டடமெல்லாம் சரியுது. அந்த நேரத்துல சூப்பர்மேன் ஒரு அணிலைத் தூக்கிட்டுப் போய் ஓரமா விடுறார். முன்னாடியே போட்டுக் காட்டினப்ப பார்த்த சில பேர் 'அணில் எதுக்கு, வெட்டுங்க'ன்னாங்களாம். டைரக்டர் ஒரு தடவை வெட்டியும் பார்த்துட்டு, மனசு கேக்காம திரும்பச் சேர்த்துட்டார்.

முருகேசன்: நல்லவேளை. ராமர் முதுகுல தடவி விட்டாரு, இவரு தூக்கி ஓரமா விட்டாரு. அணிலுக்கு ஏதோ நல்ல நேரம்.

பாஸ்கர்: ஆனா நம்ம ஊர்ல அவரு பறந்துக்கிட்டே ஹீரோயினுக்கு முத்தம் குடுக்கிற சீன்ல 33 விநாடி வெட்டிட்டாங்க.

முருகேசன்: எது வளர்ந்தா வெட்டணும், எதை விடணும்னு ஒரு கணக்கு இருக்கு. எங்க தொழில்ல அது தெரியாம கத்திரி எடுத்தா கஸ்டமர் எந்திரிச்சுப் போயிடுவான். காதை மடக்குங்க.

(காதை மடக்குகிறார். இரண்டு நிமிடம் கத்திரி மட்டும் பேசுகிறது. பாஸ்கர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே அதிகம்.)

முருகேசன்: எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஆபீஸ் போறான். கூட வேலை பாக்கிற ஒருத்தனுக்குமா அடையாளம் தெரியாது?

பாஸ்கர்: அதுக்கும் காமிக்ஸ்ல பதில் இருக்கு. 1978ல ஒரு கதையில, அது சாதாரண கண்ணாடி இல்ல, பாக்கிறவங்களை மயக்கி வேற முகமாக் காட்டும்னு எழுதினாங்க. அது படு அபத்தம்னு ரசிகர்களே ஒதுக்கி வச்ச கதை. இந்தப் படத்துல அதைப் போற போக்குல எடுத்துச் சொல்றாங்க. தியேட்டர்ல நான் ஒருத்தன்தான் கை தட்டினேன்.

முருகேசன்: கண்ணாடியெல்லாம் சும்மா தம்பி. வகிடு! வகிட்டைப் பக்கம் மாத்தினா பெத்த தாய்க்கே ஒரு நிமிஷம் தடுமாறும்.

பாஸ்கர்: அண்ணே! 1978 படத்துல கிறிஸ்டோஃபர் ரீவ் அதைத்தான் பண்ணினார்! ஆபீஸ்ல அவர் பேரு கிளார்க் கெண்ட். கிளார்க்கா வரும்போது ஒரு பக்கம், சூப்பர்மேனா வரும்போது இன்னொரு பக்கம். இந்தப் படத்துலயும் கிளார்க்குக்கு மட்டும் தலை கலைஞ்சு சுருண்டு கிடக்கும்.

முருகேசன்: பாருங்க. முடிதான் கதை. நீங்கதான் டிரவுசரைப் புடிச்சுத் தொங்குறீங்க. வில்லன் யாரு?

பாஸ்கர்: லெக்ஸ் லூதர். நிக்கோலஸ் ஹோல்ட் நடிச்சிருக்கார். மொட்டைத் தலை.

முருகேசன்: நிஜ மொட்டையா, ஒட்டு மொட்டையா?

பாஸ்கர்: நிஜமாவே அடிச்சுக்கிட்டார்.

முருகேசன்: தொழில் பக்தி.

பாஸ்கர்: 1940ல லூதர் முதல்ல வந்தப்ப தலை நிறையச் செம்பட்டை முடி. மறு வருஷமே மொட்டையா வரைஞ்சுட்டாங்க. அப்புறம் 1960ல அதுக்கு ஒரு கதை கட்டினாங்க. லூதரும் சூப்பர்மேனும் சின்ன வயசு சிநேகிதங்க. ஒருநாள் லூதரோட ஆராய்ச்சிக்கூடத்துல தீப்பிடிச்சுக்குது. நம்மாளு வந்து வாயால ஊதி அணைக்கிறார். ஊதின ஊதுல கெமிக்கல் பட்டு லூதருக்கு முடி மொத்தமாக் கொட்டிடுது. அன்னைக்கு ஆரம்பிச்ச பகை.

(முருகேசன் கத்திரியை மேஜை மேல் வைக்கிறார். துண்டால் கையைத் துடைக்கிறார்.)

முருகேசன்: அப்ப அவன் எப்படித் தம்பி வில்லன்?

பாஸ்கர்: என்னண்ணே இப்படிச் சொல்றீங்க?

முருகேசன்: சின்னப் பையன். தலை நிறைய முடி. சிநேகிதன்னு வந்தவன் ஊதி விட்டுட்டான். மறுபடி முளைக்கவும் இல்ல. கல்யாணம் காட்சின்னு எப்படிப் போவான்? இந்த நாற்காலியில உக்காந்து முன்னால ரெண்டு இஞ்சு போச்சேன்னு அழுத ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். அவனுக்கு மொத்தமும் போயிருக்கு!

பாஸ்கர்: படத்துல அந்தக் காரணம் கிடையாதுண்ணே. வெறும் பொறாமை.

முருகேசன்: அதேதான். ஒருத்தன் தலை நிறைய முடியோட மேல பறந்துக்கிட்டே இருந்தா, கீழ வெயில்ல நிக்கிற மொட்டைக்குப் பொறாமை வராம என்ன வரும்?

பாஸ்கர்: இவன் நூத்துக்கணக்குல குரங்குங்களை உக்கார வச்சு, ராவும் பகலும் இன்டர்நெட்ல சூப்பர்மேனைத் திட்டி டைப் அடிக்க விடுறாண்ணே!

முருகேசன்: குரங்கா? எங்க வீட்டு வாட்ஸப் குரூப்பை நான் தப்பா நெனச்சுட்டேன், மாமா மச்சான்லாம் நிஜமாவே டைப் அடிக்கிறாங்கன்னு இருந்தேன். தாடையைத் தூக்குங்க.

(நுரை போடுகிறார். கத்தியில் புது பிளேடு. இனி வரும் வசனங்களின்போது கத்தி பாஸ்கரின் தொண்டையில் இருக்கிறது என்பதை வாசகர் மறக்க வேண்டாம்.)

பாஸ்கர்: மீசையை மட்டும் தொடாதீங்க.

முருகேசன்: சூப்பர்மேனுக்கு மீசை உண்டா?

பாஸ்கர்: அய்யோ, அதை ஏன் கேக்குறீங்க! 1978ல லூதரா நடிச்சது ஜீன் ஹாக்மேன். மீசையை எடுக்கவே மாட்டேன்னுட்டார். டைரக்டர் ரிச்சர்ட் டோனர், 'நீ எடுத்தா நானும் என் மீசையை எடுக்கிறேன்'னார். அவரும் நம்பி எடுத்துட்டார். உடனே டோனர் தன் மீசையைப் பிச்சுக் கையில குடுத்தார். ஒட்டு மீசை!

முருகேசன்: இது போலீஸ் கேஸ்.

பாஸ்கர்: 2017ல இன்னும் மோசம். அப்ப சூப்பர்மேன் ஹென்றி கேவில். 'ஜஸ்டிஸ் லீக்' படத்துல சில காட்சியைத் திரும்ப எடுக்கணும். அதுக்குள்ள அவர் 'மிஷன் இம்பாசிபிள்' படத்துக்கு மீசை வளர்த்துட்டார். அந்தக் கம்பெனிக்காரங்க எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. மீசையோடவே நடிக்க வச்சு, அப்புறம் கம்ப்யூட்டர்ல மீசையை அழிச்சாங்க. மேலுதடு ரப்பர் மாதிரி ஆகிப்போச்சு. உலகமே சிரிச்சுது.

முருகேசன்: மீசையை... கம்ப்யூட்டர்லயா?

பாஸ்கர்: ஆமா.

முருகேசன்: எவ்வளவு செலவு பண்ணியிருப்பான்? எங்கிட்ட அனுப்பியிருந்தா ரெண்டு நிமிஷம். படிகாரக் கல்லும் தேய்ச்சு விட்டிருப்பேன். அந்த இன்னொரு படத்துக்கு ஒட்டு மீசை வாங்கிக்கிட்டாத்தான் என்ன? அந்த டோனர்கிட்ட ஒண்ணு சும்மாதானே கிடந்துச்சு!

(பாஸ்கர் சிரிக்கிறார். கத்தி அந்தரத்தில் நிற்கிறது.)

முருகேசன்: சிரிக்காதீங்க, குரல்வளை. சரி, அவருக்குத் தோலுல குண்டே பாயாதே. பிளேடு எப்படி இறங்கும்? சேவிங் யாரு பண்றது?

பாஸ்கர்: 1986ல ஜான் பைர்ன் எழுதி வரைஞ்ச கதையில இருக்கு. தான் குழந்தையா வந்த ராக்கெட்டோட தகட்டைக் கண்ணாடி மாதிரி வச்சுக்கிட்டு, கண்ணுல இருந்து வர்ற வெப்பத்தை அதுல அடிச்சு முகத்துக்குத் திருப்பித் தாடியைப் பொசுக்கிக்குவார்.

முருகேசன்: முன்னால ஒத்துக்கிறேன். பின்கழுத்து?

பாஸ்கர்: ...

முருகேசன்: ரெண்டு கண்ணாடி வேணும். ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. கதிர் இதுல பட்டு அதுல போய்த் திரும்பும்போது ஒரு நூல் பிசகினா காது பின்னால கோடு விழுந்துடும். இத்தனை வருஷ சர்வீஸ்ல என் பின்கழுத்தை நானே எடுத்ததில்ல, தெரு முக்குக் கடைக்காரன்கிட்டதான் போறேன். எந்தப் புத்தகத்துல இருக்கு, சொல்லுங்க.

பாஸ்கர்: பின்கழுத்துக்கு... நான் படிச்ச வரைக்கும் கதை இல்லண்ணே.

முருகேசன்: எண்பது வருஷத்துக்கு மேல எழுதுறாங்க, பின்கழுத்தை ஒருத்தனும் யோசிக்கல!

பாஸ்கர்: அவரோட பனிக்கோட்டையில ரோபோக்கள் இருக்கு. அடிபட்டா சூரிய வெளிச்சத்துல படுக்க வச்சு வைத்தியம் பாக்கும். அது வெட்டி விட்டிருக்கும்.

முருகேசன்: அப்ப வெட்டுன முடியை எங்க கொட்டுதுன்னு பாக்கணும்.

பாஸ்கர்: அதுதாண்ணே பிரச்சினையே! 1987ல வந்த நாலாவது படத்துல மியூசியத்துல அவரோட ஒத்த முடியைக் கட்டி அதுல இரும்புக் குண்டைத் தொங்க விட்டிருப்பாங்க. லூதர் அதைக் கத்தரிச்சுத் திருடி, அதுல இருந்து ஒரு வில்லனையே உருவாக்குவான். இந்தப் படத்துலயும் அவரை அச்சா நகல் எடுக்க லூதருக்கு ஒரு முடிதான் வேண்டியிருந்துச்சு.

(முருகேசன் குனிந்து தரையைப் பார்க்கிறார். பெஞ்சில் இருப்பவர்களும் பார்க்கிறார்கள். தரையில் நான்கு பேருக்குத் தேவையான பாஸ்கர் கிடக்கிறது.)

முருகேசன்: கவலைப்படாதீங்க. உங்களை நகல் எடுத்து எவனுக்கும் ஆகப்போறது ஒண்ணுமில்ல.

பாஸ்கர்: எனக்குப் படத்துல ரெண்டு குறைதாண்ணே. ஒண்ணு, கை கார்ட்னர்னு ஒரு பச்சை மோதிரக்காரன், அவனும் ஒரு சூப்பர் ஹீரோதான். நேத்தன் ஃபில்லியன் நடிச்சிருக்கார். காமிக்ஸ்ல அவனுக்குத் தலையில சட்டியைக் கவுத்து வெட்டின மாதிரி முடி, அதையும் விடாம கொண்டு வந்துட்டாங்க. ஆனா காமிக்ஸ்ல செம்பட்டை, இங்க வெளுத்த மஞ்சள்!

முருகேசன்: அந்த வெட்டை வேணும்னே வெட்டினாங்களா? பணம் குடுத்தா?

பாஸ்கர்: ரெண்டாவதுதான் மனசுல தைக்குது. சூப்பர்மேனோட பெத்தவங்க கிரகம் அழியறதுக்கு முன்னால பேசி அனுப்பின சேதி. முதல் பாதியில பாசமாப் பேசுறாங்க. அதைக் கேட்டுத்தான் அவர் நல்லவரா வாழ்றார். கெட்டுப்போயிருந்த ரெண்டாம் பாதியை எடுத்துப் பார்த்தா, 'போய் அந்த ஜனங்களை ஆண்டுக்கோ'ன்னு இருக்கு! அவரோட அப்பா ஜோர்-எல், எனக்குத் தெரிஞ்சு அப்படிப் பேசுற ஆளே இல்லண்ணே. தியேட்டர்ல சோளப்பொரி இறங்கல.

முருகேசன்: இதுல என்ன இருக்கு? நான் தொழில் கத்துக்க மதுரைக்குப் போனப்ப எங்கப்பா லெட்டர் போடுவாரு. முதல் பக்கம் பூரா 'நலம், நலமறிய ஆவல், உடம்பைப் பாத்துக்கோ.' பக்கத்தைத் திருப்பினா 'எருமை வாங்கியாச்சு, பணம் அனுப்பு.' நான் முதல் பக்கத்தை மட்டும் படிச்சுட்டு மடிச்சு வச்சுடுவேன்.

பாஸ்கர்: எருமைக்கு?

முருகேசன்: அண்ணன் குடுத்தான். அவன்தான் ரெண்டு பக்கமும் படிப்பான். தண்ணி அடிக்கிறேன், கண்ணை மூடிக்கங்க.

(முகத்தில் தண்ணீர். படிகாரம். துணியை உதறுகிறார். பாஸ்கர் கண்ணாடியில் நெற்றியைப் பார்க்கிறார். மூன்று முடி ஒரு பக்கமாகப் படுத்திருக்கிறது.)

பாஸ்கர்: சுருள் எங்கண்ணே?

முருகேசன்: அது கிளார்க் கெண்ட் ஸ்டைல். உங்களை யாரும் அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாங்க. எறநூறு ரூபா.

பாஸ்கர்: சுருளே விழல, நூத்தம்பது வச்சுக்கங்க. அவரை உருவாக்கின ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனையே 130 டாலருக்குத்தான் வித்தாங்க.

முருகேசன்: ரெண்டு பேருக்கும் சேர்த்தா?

பாஸ்கர்: ரெண்டு பேருக்கும் சேர்த்து.

முருகேசன்: அதனாலதான் சொல்றேன், எறநூறு.

பாஸ்கர் (பணத்தை எடுத்துக்கொண்டே): படத்தோட கடைசியில அந்த நாயோட நிஜ முதலாளி வரும். சூப்பர்மேனோட சித்தப்பா பொண்ணு, சூப்பர்கேர்ள். அவளை வச்சும் தனியாப் படம். அதைப் பத்தியும் வந்து சொல்றேன்.

முருகேசன்: பொண்ணுக்கு முடி எவ்வளவு?

பாஸ்கர்: தோளுக்குக் கீழ வரும்ணே.

முருகேசன்: அப்ப எதிர்த்த மாடியில பியூட்டி பார்லர் இருக்கு, அங்க போய்ச் சொல்லுங்க. அடுத்தது யாருப்பா?