மிலிட்டரி தாத்தா ஏன் கையை முறுக்கினார்?

அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. தூங்குகிற பெரியவரின் தோளைப் பின்னாலிருந்து உலுக்குகிறார்கள். அவர் திடுக்கிட்டு எழுந்து கையைப் பிடித்து முறுக்குகிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். "மிலிட்டரி தாத்தா இன்னும் ஃபார்ம்லதான் இருக்காரு" என்று தலைப்பு வேறு. அவர் முகத்தைப் பார்த்தீர்களா? மனிதர் பயந்துபோயிருக்கிறார்.

நான் சொல்வது ஒன்றுதான். பட்டாளத்தில் இருந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு அவருடைய கதை தெரிந்திருக்க வேண்டும். பிரஷர், சுகர், மாத்திரை நேரம் எல்லாம் நோட்டில் எழுதுகிறோம். எந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு பதறும் என்று ஒரு வரி எழுதுகிறோமா?

என் அப்பா பீரங்கிப் படையில் இருந்தவர். காது அங்கேதான் போனது. வெடிச்சத்தம் உள்காதின் நுண்ணிய முடிச் செல்களை அழித்துவிடும், அவை மறுபடி வளராது. அதனால் பேசுவது கேட்கும், வார்த்தை பிடிபடாது. முதலில் வந்த ஹோம் நர்ஸ் "அடம் பிடிக்கிறார், சொன்னால் கேட்பதில்லை" என்று எழுதிவைத்தார். அடுத்து வந்த தம்பி அப்பாவின் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தொட்டு எழுப்பவே மாட்டார். லைட்டைப் போட்டு, கால்மாட்டில் நின்று, அப்பாவின் ரேங்க்கைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்பா கண் திறந்து முதலில் கதவைப் பார்ப்பார், பிறகு அவரைப் பார்ப்பார், பிறகு தானாகவே கையை நீட்டுவார். கதை தெரிந்ததால் வந்த வித்தியாசம் இது.

"சம்பளத்துக்கு வருகிறவர்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்பீர்கள். நியாயம்தான். அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். எழுதித் தர வேண்டியது வீட்டுக்காரர்கள்.

"பழசைக் கிளறலாமா?" வற்புறுத்திக் கிளறக் கூடாது. ஆனால் அவராக வாயைத் திறக்கும்போது அடைக்காதீர்கள். முதியவர்கள் பழசையே பேசுவது புத்தி தளர்ந்ததால் அல்ல, வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிற இயல்பான வேலை என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963லேயே எழுதிவிட்டார். போர் மனதில் விட்டுப்போகும் காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் கிடைத்ததே 1980ல்தான். அதற்கு முன்பு ஊர் திரும்பியவர்களில் எத்தனை பேர் வெறும் முன்கோபக்காரர்களாகவே வாழ்ந்து முடித்தார்களோ! வேலையும் குடும்பமும் அமுக்கி வைத்திருந்தது, ஓய்வும் தனிமையும் வந்ததும் மேலே வருகிறது. மறதி நோயும் சேர்ந்தால் நேற்றைய நாள் அழிந்துவிடும், போர்க்களத்து ராத்திரி மட்டும் அப்படியே இருக்கும்.

அமெரிக்க நாடாளுமன்றம் 2000ல் முன்னாள் படைவீரர்களின் கதைகளைச் சேகரிக்கத் திட்டமே கொண்டுவந்தது. குறைந்தது 30 நிமிடப் பேச்சு இருந்தால் நாடாளுமன்ற நூலகம் வாங்கி வைத்துக்கொள்கிறது. அரை மணி நேரம்! அதைக் கொடுக்க நமக்கு மனசில்லை.

"போரைப் புகழ்கிறாயா?" என்று ஒருவர் நிச்சயம் வருவார். அவருக்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. அப்பா வெற்றியைப் பற்றிப் பேசியதே கிடையாது. பக்கத்தில் குண்டு எடுத்துக் கொடுத்த பையனின் பூட்ஸ் நாடா அவிழ்ந்திருந்ததாம். சொல்ல நினைத்தாராம், சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "ஆரம்பிச்சிட்டாருப்பா" என்று உறவுக்காரர்கள் எழுந்து போவார்கள். தேசிய நாள் வந்தால் அதே ஆட்கள்தான் அப்பா போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்து சல்யூட் போடுவார்கள்.

அந்தப் பையனின் பெயர் என்ன என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. சம்பளத்துக்கு வந்த அந்தத் தம்பிதான் கேட்டார்.