ஒரு புள்ளி வைக்க எத்தனை மென்பொருள்?

நேற்று இரவு 11 மணிக்கு நான்காவது மென்பொருளையும் கணினியிலிருந்து அழித்தேன். நான் கேட்டது ஒன்றுதான்: வர்ணம் என்ற கர்நாடக இசைப் பாடல் ஒன்றைத் தமிழில் ஸ்வரப்படுத்தி, அதாவது ச, ரி, க, ம என்று எழுதி, மாணவர்களுக்கு அச்செடுத்துத் தர வேண்டும்.

முதலாவது, திறந்ததுமே மேற்கத்திய இசைக் குறிப்புக்கான ஐந்து கோடுகளை நீட்டியது. சரி, பழகிக்கொள்வோம் என்று மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியைத் தொடங்கினேன். ரிஷபமும் (ரி) தைவதமும் (த) மட்டும் ஃபிளாட், அதாவது அரை ஸ்வரம் தாழ்ந்தவை. அதன் ஸ்கேல் பட்டியலில் அப்படி ஒன்றே இல்லை. எங்கள் குழந்தைகளின் முதல் பாடமே அதற்குத் தெரியாதா? அடுத்ததில் இரண்டு மணி நேரம் எழுதி முடித்துப் பிரிண்ட் கொடுத்தால், பணம் கட்டச் சொல்கிறது. முதலிலேயே சொல்ல வாய் இல்லையா? மற்ற இரண்டிலும் தமிழில் அடித்தால் வெறும் கட்டங்கள்.

அப்புறம் சாதாரணத் தட்டச்சுக்கே திரும்பினேன். மேல் ஸ்தாயி சட்ஜத்துக்கு, அதாவது உயரத்தில் பாடும் ச-வுக்கு, தலையில் ஒரு புள்ளி வேண்டும். வைத்தால் 'ச்' ஆகிவிடுகிறது! நி-க்கு வைத்தால் வளைவோடு போய் ஒட்டிக்கொள்கிறது. கார்வைக்கு, அதாவது ஸ்வரத்தை நீட்டுவதற்கு, காற்புள்ளி போட்டால் தானாக இடைவெளி விழுகிறது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் (தாள எண்ணிக்கையும்) 4, 2, 2 என்று நேராக நிற்க வேண்டாமா? எழுத்துருவை மாற்றினால் தாளக்கோடு அடுத்த வரிக்கு ஓடுகிறது.

1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசை நூலைக் கமகக் (ஸ்வர அசைவு) குறிகள் உட்பட தெலுங்கில் அச்சிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்து, வீட்டுக் கணினியில் ஒரு ச-வுக்கு மேல் ஒரு புள்ளி வைக்க முடியவில்லையே!