பரண்மேல் இருக்கும் பெட்டி அங்கேயே இருக்கட்டும்

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்ன அன்றே எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்துவிட்டது: "வீட்டில் இருக்கும் பழைய துணிகளைக் கட்டி வையுங்கள், புயல் பாதித்த ஊருக்கு அனுப்பலாம்." புயலே இன்னும் உருவாகவில்லை. அதற்குள் பரணைக் காலி செய்ய வேலூரில் ஆள் தயார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அதே வேலையை முன்பு நானும் செய்தவன், அதனால் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரே வாரத்தில் நாங்கள் சிலபேர் சேர்ந்து ஒரு வண்டி நிறையச் சாமான் சேர்த்துவிட்டோம். அரிசி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், அப்புறம் பாதி வண்டிக்குத் துணி. கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை என்று ராத்திரியோடு ராத்திரியாகப் போய், மறுநாள் பட்டுக்கோட்டைப் பக்கம் இறங்கினோம். மெயின் ரோட்டோரம் முதலில் கண்ணில் பட்டதே துணிக் குவியல்தான். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போனது. மழையில் ஊறிக் கிடக்க, அதன்மேல் ஓர் ஆடு ஏறி நின்றுகொண்டிருந்தது. கொக்கி இல்லாத ஜாக்கெட், ஜிப் போன பேண்ட். சரி, நம்முடையது அப்படி இருக்காது என்று எங்கள் மூட்டையைப் பிரித்தால், மேலேயே சாம்பார்க் கறையோடு ஒரு பட்டுப்பாவாடை. ஐந்து வயசுக் குழந்தைக்குத் தைத்தது.

"ரோட்டிலேயே இறக்காதீங்க, உள்ளே போங்க. உள்ளே இருக்கிறவங்களுக்கு எதுவுமே வர்றதில்லை" என்று ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். உள்ளே போனோம். ஓடு பறந்துபோன வீட்டுத் திண்ணையில் இருந்த ஓர் அம்மா வண்டியை எட்டிப் பார்த்தார்.

"துணி வேண்டாம் தம்பி. தார்ப்பாய் இருக்கா?"

இல்லை.

"கொசுவத்தி?"

அதுவும் இல்லை.

"தீப்பெட்டியாச்சும் இருக்கா?"

எங்களோடு வந்தவர்களில் இரண்டு பேருக்குக் குடியாத்தம்தான் சொந்த ஊர். தீப்பெட்டியும் லுங்கியும் செய்கிற ஊர். தலையைக் குனிந்துகொண்டார்கள். தறியிலிருந்து இறங்கிய புது லுங்கி நூறு வாங்கியிருந்தால்கூட அங்கே கைநீட்டி வாங்கியிருப்பார்கள். கிளம்பும் முன் ஒரு போன் போட்டு "என்ன வேண்டும்" என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அங்கே அப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. எல்லா மாவட்டத்திலிருந்தும் மின்வாரிய ஆட்கள் போனார்கள். எங்கள் தெரு லைன்மேன் அண்ணனும் போனார். வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த கதையை இன்றைக்கும் கேட்டால்தான் சொல்வார். எங்கள் மொத்த வண்டியையும்விட அவர் ஒருத்தர் செய்த உதவி பெரியது.

அப்புறம் அங்கே பார்த்த ஒரு பெரியவர். அவருடைய தென்னந்தோப்பு முழுக்க ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. பள்ளிகொண்டா பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அதன் வலி புரியும். அரசு மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று அறிவித்திருந்தது. "வேரோட எடுத்து ஓரங்கட்டவே அது காணாது தம்பி" என்றார். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அவருக்கு அப்போதே அறுபத்தெட்டு வயசு.

பொங்கல் முடிந்து அவருக்கு போன் செய்து, இந்தத் தடவையாவது கேட்டேன். "கன்னு வாங்கணும், ஆள் கூலி குடுக்கணும், வேறொண்ணும் வேணாம்" என்றார். மறுபடி பணம் கேட்டு குரூப்பில் போட்டேன். நவம்பரில் ஒரு வாரத்தில் வண்டியை நிரப்பிய அதே குரூப்பில் நாலு பேர்தான் கொடுத்தார்கள். மற்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. டிவி வேறு செய்திக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். புயல் கரையைக் கடந்த மாதிரி நாமும் கடந்துவிட்டோம்.

நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களும் உண்டு. வெயிலூர்க்காரர்களுக்குப் புயல் என்றால் குளிர்ந்த காற்று, கலெக்டர் விடும் லீவு. ஆனால் 2021 நவம்பர் 19 அதிகாலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது புயல்கூட இல்லை, பெயர் வைக்காத வெறும் தாழ்வு மண்டலம். அன்று நம் வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து விழுந்து 9 பேர் செத்துப்போனார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். தண்ணியில்லாத ஆறு என்று நாமே கிண்டல் செய்யும் பாலாறு, கரை தொட்டு ஓடியது.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு போன். பட்டுக்கோட்டைப் பெரியவர்.

"பாலாத்துல வெள்ளமாமே தம்பி, டிவில காட்டுறான். நீங்க மேட்டுலதானே இருக்கீங்க? ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க, என்ன வேணும்னு சரியாச் சொல்லுங்க."

இந்தத் தடவை புயல் எங்கே கரையைக் கடக்கிறதோ, அந்த ஊரில் இருக்கும் யாரிடமாவது பேசிவிட்டு, என்ன வேண்டும் என்று குரூப்பில் எழுதுகிறேன். பணம் தரலாம் என்று நினைப்பவர்கள் பாதியை இப்போதும் மீதியைத் தை மாதத்திலும் கொடுங்கள். தார்ப்பாய் வாங்கும் பொறுப்பு என்னுடையது. பரண்மேல் இருக்கும் பெட்டியை மட்டும் யாரும் இறக்க வேண்டாம்.