ஸ்டாட்டிக் மேப் பற்றி ஒரு திருத்தம்
ஜாவா வலைச் செயலிகள் பற்றிய உங்கள் பதிவில், “தரவை ஸ்டாட்டிக் ஹாஷ்மேப்பில் (கிளாஸுக்குப் பொதுவான, சாவி-மதிப்பு இணைகளை வைக்கும் அட்டவணையில்) ஏற்றிவிட்டால் சர்வர் முழுவதற்கும் ஒரே பிரதிதான், பூட்டும் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் லாக்) தேவையில்லை” என்று சொல்லியிருப்பது தவறு. ஸ்டாட்டிக் மாறி ஒரு கிளாஸ்லோடருக்கு (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதிக்கு) ஒன்று. டாம்கேட் என்ற ஜாவா வலை சர்வரில் ஒவ்வொரு செயலிக்கும் தனி கிளாஸ்லோடர் உண்டு. அந்த கிளாஸைத் தத்தம் வார் (WAR) கோப்பில், அதாவது செயலியின் பொதியில், வைத்திருக்கும் இரண்டு செயலிகள் இரண்டு மேப்களைத்தான் பார்க்கும்.

பூட்டு விஷயம் இன்னும் ஆபத்தானது. கிளாஸ் ஏறும்போதே நிரப்பி, பிறகு படிக்க மட்டும் செய்தால் பூட்டு வேண்டாம், உண்மைதான். ஆனால் நீங்கள் காட்டிய நிரலில் புதுப்பிக்கும் மெத்தட் மேப்பைக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்புகிறது. அந்த இடைவெளியில் வரும் கோரிக்கைக்கு நல் (null, அதாவது மதிப்பு இல்லை) என்றுதான் கிடைக்கும்! புதிய மேப்பைத் தனியாக முழுதும் கட்டி முடித்து, வாலடைல் மாறியில் (புதிய மதிப்பு எல்லா த்ரெட்களுக்கும் தெரியும் மாறியில்) ஒரே அடியாக மாற்றுங்கள். முதல் ஏற்றத்தை, செயலி தொடங்கும்போது ஓடும் சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்லிசனரில் (ServletContextListener) வையுங்கள். முதல் கோரிக்கைக்கு முன்பே அது முடிந்துவிடும்.