அது பேய் ஆட்டம் இல்லை

ஒரு வாரமாக எல்லா வாட்ஸாப் குழுக்களிலும் அந்த வீடியோதான். கறுப்பு முகமூடியும் நார் உடையுமாக ஒருவர் ஆடும் வீடியோ. "ஆப்பிரிக்கப் பேய் ஆட்டம்" என்று தலைப்பு, அசல் பாட்டை எடுத்துவிட்டுத் திகில் இசை. பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள். அதுதான் ரொம்ப வலிக்கிறது.

அது பேய் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள சியரா லியோன் நாட்டு மெண்டே மக்களின் சோவெய் என்ற முகமூடி வேஷம். சாண்டே என்ற பெண்கள் சங்கத்தின் ஆட்டம். சங்கத்தில் சேர்ந்த பெண்பிள்ளைகள் சடங்கு முடிந்து ஊருக்குத் திரும்பும்போது சோவெய் வெளியே வரும். முகமூடியைச் செதுக்குபவர் ஆண்; அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடுவது பெண். ஆப்பிரிக்காவில் மரமுகமூடி ஆட்டங்கள் பெரும்பாலும் ஆண்கள் வசம் இருக்க, இங்கே பெண்களே ஆடுகிறார்கள். நீங்கள் பார்த்துச் சிரித்தது அதைத்தான்.

முகத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அகலமான நெற்றி, தாழ்ந்த கண்கள், சின்ன மூடிய வாய், கழுத்தில் அடுக்கடுக்காக மடிப்பு, தலையில் நுணுக்கமாகப் பின்னிய கொண்டை. ஒரு பெண்ணின் அழகும் அடக்கமும் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்களோ அதுதான் அந்த முகம். கறுப்பாக இருப்பதால் பேயா? நமக்குக் கறுப்புச் சாமி கிடையாதா?

அந்த நாட்டில் போ என்ற ஊரில் நான் வேலை பார்த்தபோது பக்கத்துத் தெருவில் ஆட்டம் நடந்தது. கறுப்புச் சாயம் ஏற்றிய நார் உடை தரையைக் கூட்டிக்கொண்டு வரும். உடம்பில் ஒரு துளி தோல் வெளியே தெரியக் கூடாது. கூடவே வரும் பெண் நாரைச் சரிசெய்தபடியே இருந்தார். சோவெய் வாய் திறந்து பேசாது, எல்லாம் சைகைதான். பெண்கள் மணி கோத்த சுரைக்குடுவையைக் குலுக்கிப் பாடினார்கள். பின்னாலேயே கோண்டே என்ற கோமாளி வேஷம் வந்தது: கந்தல் உடை, காசு கேட்டுத் தொல்லை, எல்லாரையும் கிண்டல். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பதற்கென்றே அவர்கள் ஒரு வேஷம் வைத்திருக்கிறார்கள். அப்போது என்னோடு வந்திருந்த நம்மூர்க்காரர் ஒருவர், போட்டோவுக்காக முகமூடியைத் தூக்கச் சொன்னார். அந்தப் பெண்கள் அவரைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சும்மா ஜாலிக்குத்தானே" என்பீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"அந்தச் சங்கத்தில் சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கிறார்களே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அது கொடுமை, நிற்க வேண்டும். வெட்டாமலே சடங்கை நடத்தலாம் என்று அந்த நாட்டுப் பெண்களே போராடுகிறார்கள். ஆட்டத்தை விடாமல் கத்தியை மட்டும் விடச் சொல்கிறார்கள். ஆனால் அந்த வீடியோவில் இதைப் பற்றி ஒரு வரியாவது உண்டா? சிறுமிகள் மேல் வந்த அக்கறையிலா திகில் இசை போட்டார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். 1886இல் லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. சோவெய் முகமூடி ஒன்று அங்கே போனது. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பாட்டு இல்லை, ஆடும் பெண் இல்லை. அதே கண்காட்சியில் ஆக்ரா சிறையிலிருந்து கொண்டுபோன நம் கைவினைஞர்களையும் உட்கார வைத்து வேடிக்கை காட்டினார்கள். அவர்களையும் நம்மையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்த்தார்கள் ஐயா! இன்று கையில் போன் வந்ததும் நாம் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டு பார்க்கிறோம்.

சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர், அப்புறம் எபோலா கொள்ளைநோய். அத்தனைக்கும் பிறகு ஒரு ஊர் கூடி ஆடுகிறது. அதற்கு நாம் வைத்த பெயர் பேய்.

இதையெல்லாம் அந்த வீடியோவைப் போட்ட பக்கத்திலேயே மரியாதையாக எழுதினேன். அழித்துவிட்டார்கள். தலைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. பகிர்ந்த நண்பர்களே, உங்கள் பக்கத்திலிருந்தாவது எடுத்துவிடுங்கள்.