எட்டு மணி என்றால் ஒன்றரையா ஐயா?

ஆஸ்பத்திரியில் டெஸ்டுக்கு எட்டு மணிக்கு வரச்சொல்லிவிட்டு மத்தியானம் ஒன்றரைக்குக் கூப்பிடுகிறார்கள். அதை முந்தின நாளே சொல்லித் தொலைத்திருந்தால் எழுபது வயதில் நான் விடிய மூன்று மணிக்கு எழுந்து அந்த எளவு பவுடர் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டாமே!

கொலனோஸ்கோபி, அதாவது பின்பக்கமாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற டெஸ்ட், எடுத்தவர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ரெண்டு லிட்டர். பாதி முந்தின ராத்திரி, மீதி விடியற்காலை. எலுமிச்சை வாசனையாம். சோப்பு நுரையில் உப்பைக் கரைத்தது மாதிரி இருந்தது. குடலில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் சின்னக் கட்டி கண்ணில் படாது, மறுபடியும் முதலிலிருந்து குடிக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். சரி, நியாயம்தான். ஆனால் சீட்டில் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ‘மருந்து குடித்தபின் கழிப்பறைக்கு அருகிலேயே இருக்கவும்.’ இருக்கிறேன் சார், தாராளமாக இருக்கிறேன், ஆனால் என் கழிப்பறை களியக்காவிளையில் இருக்கிறது, உங்கள் குழாய் திருவனந்தபுரத்தில் இருக்கிறது, நடுவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம் ரோடு கிடக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைக்க? 1956-ல் எங்கள் விளவங்கோடு தாலுகாவைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்த்தாகிவிட்டது, வயிற்றுக்கு ஒன்று என்றால் நாங்கள் இன்னமும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறோம்.

பாறசாலை வரை ஒன்றுமில்லை. அமரவிளையில் லேசாக ஒரு முறுக்கு. நெய்யாற்றின்கரை தாண்டியதும் மருமகனிடம், “மக்களே, எங்கேயாவது நிறுத்து” என்றேன். ஒரு பெட்ரோல் பங்க். ஓடினேன். கதவில் பூட்டு. பெட்ரோல் அடிக்கிற பையன் அசையாமல் நின்று, “தாக்கோல் மேனேஜருடெ கையிலா” என்கிறான். சாவி மேனேஜர் கையிலாம். மேனேஜர் எங்கே? “வரும்.” எப்போது? “பத்து மணி.” மணி அப்போது ஏழு. நான் பூட்டைப் பார்க்கிறேன், அவன் என்னைப் பார்க்கிறான், மருமகன் வானத்தைப் பார்க்கிறான். கழிப்பறையைப் பூட்டி வைத்து எதைக் காப்பாற்றுகிறார்கள்? உள்ளே தங்கமா இருக்கிறது? கடைசியில் பக்கத்து டீக்கடைக்காரர் மனைவி என் முகத்தைப் பார்த்ததுமே ஒன்றும் கேட்காமல் கொல்லைப்பக்கம் கை காட்டினார். அந்த அம்மா நூறு வருஷம் இருக்கட்டும். அடுத்து பாலராமபுரம் ஜங்ஷன் நெரிசல். அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

இத்தனைக்கும் பிறகு எட்டு மணிக்கு டாணென்று போய் நின்றால், “டாக்டர் ரவுண்ட்ஸ்ல ஆணு, அப்பூப்பா இரிக்கு.” இருந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. சுகர் மாத்திரை போடக்கூடாது, பச்சைத்தண்ணீர் கூடாது, சட்டைக்குப் பதில் முதுகுப்பக்கம் திறந்த ஒரு கவுன். அதன் நாடாவைக் கட்ட எனக்குக் கை எட்டாது, கட்டிவிட ஆளும் இல்லை. ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் இருந்த கக்கூஸுக்கு நடந்த நடையை என் சம்பந்தி பார்க்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

டெஸ்ட்? அது அரைமணி கூட இல்லை. ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட்டார்கள், ஒன்றுமே தெரியவில்லை. முழித்ததும் நர்ஸ் வந்து, உள்ளே காற்று அடித்திருக்கிறோம், அடக்காமல் விடணும் என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரர் ஏற்கெனவே உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் பயம்.

அதெல்லாம் போகட்டும். வெயிட்டிங் ஹாலில் நாற்காலியில் மாட்டியிருந்த என் குடையை எந்தச் சவம் எடுத்துக்கொண்டு போனது? மரப்பிடி போட்ட நல்ல குடை. இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தனுக்குத் திருடவும் தோன்றுமா?