நுண்கடன் வெறும் வட்டிக் கணக்கு இல்லை தம்பி

"பல துறைகளைச் சேர்த்துச் சமூகப் பிரச்சினை படிக்கிறது வெறும் பொது அறிவு, நுண்கடனைப் பொருளாதாரம் படிச்சவங்க பார்த்தாலே போதும்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது தவறு. நுண்கடன் என்றால் ஏழைகளுக்கு, கூடுதலாகப் பெண்களுக்கு, குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற சின்னக் கடன்.

இலங்கையில் திருகோணமலை மாவட்டத்து மூதூர், கிண்ணியா பக்கம் கிழமைத் தவணைக் காசு சேர்க்கிற நாளில் போய்ப் பாருங்கள். குழுவில் ஒரு பெண் கட்டாவிட்டால் மற்றவர்கள்தான் போட்டுக் கட்ட வேண்டும், அதனால் நெருக்குகிறவர் லோன்காரர் மட்டுமில்லை, பக்கத்து வீட்டு அக்காவும்தான். இந்த வெட்கமும் பயமும் எந்த வட்டிக் கணக்கில் வரும்? அதுக்குச் சமூகவியல் வேணும், ஆறுதலாக இருந்து கதை கேட்கிற களஆய்வு வேணும். சட்டமும் தெரிய வேணும்: 2016ஆம் ஆண்டு 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் கடன் கொடுக்கிற எல்லாரையும் கட்டுப்படுத்தவில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் கடனை ஒரு இலட்சம் ரூபாய் வரை தள்ளுபடி செய்தார்கள், ஆனால் போரில் புருசனையும் தொழிலையும் இழந்த பெண் ஏன் அடுத்த கடனுக்குப் போகிறாள் என்பதற்கு அதில் விடை இல்லை. (பங்களாதேஷில் நுண்கடனைப் பரப்பிய முகமது யூனுசுக்கும் அவர் தொடங்கிய கிராமீன் வங்கிக்கும் 2006இல் கிடைத்ததே பொருளாதார நோபல் இல்லை, சமாதான நோபல்.)

சரி, எல்லாத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு விடுகிற பாடநெறிகளும் இருக்கின்றன, அந்தக் குறையை ஒத்துக்கொள்ளலாம். அது பாடம் நடத்துகிற விதத்தின் கோளாறு. ஒழுங்காகச் செய்தால் ஒரே கேள்வியை மூன்று துறையின் முறையாலும் சோதிக்க வேண்டியிருக்கும், தனிப்பாடம் படிப்பதைவிட வேலை கூட.